முதல் ரோடு பைக்: காசை எங்கே போடுவது?

"கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, எந்த ரோடு பைக் வாங்கலாம்?" ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் குனிந்தபடி பறக்கிறவர்களைப் பார்த்து ஆசைப்பட்ட எவரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கிறவர் எதிர்பார்ப்பது ஒரு மாடலின் பெயர். ஆனால் அதே மாடல் ஒருவரிடம் வருஷக்கணக்கில் ஓடும். இன்னொருவரிடம் இரண்டாம் மாதமே பால்கனியில் துணி காயப்போட உதவும். அளவு, டயர், கியர், சர்வீஸ் ஆகிய நான்கும் பொருந்திவிட்டால் விலை குறைந்த வண்டியும் நன்றாக ஓடும். அவை பொருந்தாவிட்டால் லட்ச ரூபாய் கொடுத்தாலும் வீண்தான்.

ரோடு பைக்தானா வேண்டும்?

அதிகாலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்ட வேண்டும், போகப் போக மாமல்லபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் ரோடு பைக் சரி. கடைக்குப் போக, பிள்ளையை டியூஷனில் விட, நெரிசலில் அலுவலகம் போக என்றால் நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் சைக்கிளே மேல். அதில் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் மாட்டலாம். ரோடு பைக்கில் பெரும்பாலும் ஸ்டாண்டே வராது. சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். விலை கூடிய வண்டிகள் பலவற்றில் பெடல்கூட இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

நாற்பதாயிரத்தையும் வண்டியிலேயே போடாதீர்கள்

ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். நாற்பதாயிரம் என்றால் வண்டிக்கு முப்பத்திரண்டு, மற்றதற்கு எட்டு. அந்த எட்டாயிரத்தில் ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு, அளவுமானி வைத்த காற்றடிக்கும் பம்ப், இரண்டு உபரி டியூப், பஞ்சர் சாமான், பூட்டு, உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த ஒரு ஷார்ட்ஸ் ஆகியவை அடங்கிவிடும். இவற்றை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் பஞ்சரிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள்.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கடையில் பழைய விலைச்சீட்டு தொங்கினால் பில்லில் என்ன வரி போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

அளவு: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

ஒரு சைஸ் சின்னச் செருப்பைத் தள்ளுபடியில் வாங்கினால் யாருக்கு நஷ்டம்? சைக்கிள் ஃபிரேமும் அப்படித்தான். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஃபிரேமின் நீளத்தை மாற்ற முடியாது.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். கால்களுக்கு நடுவே கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை வைத்து, சீட்டில் உட்காரும்போது அழுந்துகிற அளவுக்கு மேலே ஏற்றுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் உங்கள் உள்கால் நீளம் கிடைக்கும். அது 78 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 0.66 ஆல் பெருக்கினால் 51.5 வரும். 51 அல்லது 52 அளவு ஃபிரேமிலிருந்து தேடத் தொடங்கலாம். அதே 78ஐ 0.883 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர். பெடல் மாட்டிய கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது.

இது தொடக்கக் கணக்குதான். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் ஸ்மாலாக இருக்கும். அதனால் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பிரேக் லீவரின் ரப்பர் பிடியில் கை வைக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் ஃபிரேம் பெரிது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் புதியவர்கள் சின்னதையே எடுப்பது நல்லது. சின்னதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், பெரியதைக் குறுக்குவது கடினம். ரேஸ் வண்டியைவிட ஹேண்டில்பார் சற்று உயர்ந்திருக்கும் 'எண்டுரன்ஸ்' வகை முதுகுக்கு இதம்.

"இந்த சைஸ்தான் ஸ்டாக்கில் இருக்கிறது, ரெண்டாயிரம் குறைச்சுத் தர்றேன், ஸ்டெம்மை மாத்திக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கியர்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்

"21 கியர்" என்று பெரிதாக ஒட்டியிருப்பதில் மயங்க வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அவ்வளவுதான் விஷயம். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு வைத்த 16 கியர் வண்டி அதைவிடத் தரமானதாக இருக்கலாம்.

கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் ரோடு பைக் வரிசையில் கீழிருந்து மேலாக டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாகரா, 105 என்று போகும். பின் சக்கரத்தில் டூர்னிக்கு ஏழு பல்சக்கரம், கிளாரிஸுக்கு எட்டு, சோராவுக்கு ஒன்பது. முதல் வண்டிக்கு கிளாரிஸ் தாராளமாகப் போதும். அதில் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருப்பதால், ஹேண்டில்பாரின் கீழே வளைந்த பகுதியைப் பிடித்துக்கொண்டே கியர் மாற்றலாம். டூர்னியின் ஏ070 லீவரில் கியரை ஒரு பக்கம் மாற்ற, ரப்பர் பிடிக்கு உட்புறம் கட்டைவிரல் பொத்தான் இருக்கும். கீழே பிடித்திருக்கும்போது அது எட்டாது. எட்டுப் பல்சக்கரச் செயினும் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) தேய்ந்து மாற்றும்போது செலவும் குறைவு. பட்ஜெட் டூர்னியோடு நின்றுவிட்டாலும் பாதகமில்லை, தெரிந்து வாங்குங்கள்.

பார்க்க வேண்டிய எண்கள் வேறு. முன்னால் 50, 34 பற்களும், பின்னால் மிகப் பெரிய சக்கரத்தில் 32 அல்லது 34 பற்களும் இருக்கின்றனவா? இருந்தால் 14 கொண்டை ஊசி வளைவு ஏலகிரியில் மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ளாமல் ஏறிவிடலாம். கொல்லிமலையின் எழுபது வளைவுக்கு அது இல்லாமல் முடியாது. பின்னால் 25 பல்லோடு நிற்கிற ரேஸ் கேசட் புதியவரின் முழங்காலுக்குப் பகை.

பிரேக்கும் டயரும்

ரிம் பிரேக் எடை குறைவு, விலை குறைவு, கட்டையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். அதற்காகச் செய்த ஃபிரேமில் அகலமான டயரும் போகும். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் கேபிளில் இயங்கும் டிஸ்க்கை எடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் அருமையாகப் பிடிக்கும். ஆனால் அதில் காற்று புகுந்தால் எண்ணெய் மாற்றத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

டயரில் 700 × 25சி, 700 × 28சி என்று எழுதியிருக்கும். இரண்டாவது எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். நம் ஊர்ச் சாலைக்கு 28, ஃபிரேமில் இடமிருந்தால் 32. டயர் ஒல்லியாக இருந்தால்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. கரடுமுரடான தாரில் ஒல்லி டயர் குதிக்கும். குதிப்பதில் உங்கள் உழைப்பு வீணாகும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு ஓட்டை விழும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 டயரில் 70 பிஎஸ்ஐ சுற்றுவட்டத்தில் காற்று போதும். வாரம் ஒருமுறையாவது பம்ப் வைத்துப் பாருங்கள். ஒல்லி டயரில் காற்று தானாகவே இறங்கும்.

தெருமுனைப் பஞ்சர் கடையை நம்பி வெகுதூரம் போக வேண்டாம். அங்கே இருப்பது பழைய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர். அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். உங்களுடையது 622. அந்த டயர் இதில் உட்காராது. ரோடு பைக் டியூபின் பிரெஸ்டா வால்வு ஒல்லியாக, நுனியில் திருகோடு இருக்கும். மோட்டார் சைக்கிள் பம்பின் வாய் அதில் பொருந்தாது. சின்னதொரு பித்தளை அடாப்டரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளாமல் ரோடு பைக்கோடு ஊரைத் தாண்டாதீர்கள்.

எடை, கார்பன், கௌரவம்

இந்த விலையில் அலுமினிய ஃபிரேம்தான் கிடைக்கும், எடை பத்துப் பதினோரு கிலோ வரும். எட்டரைக் கிலோ வண்டிக்கு இருமடங்குக்கு மேலேயே கேட்பார்கள். 70 கிலோ ஆளும் 10 கிலோ வண்டியும் சேர்ந்து 80 கிலோவாக நகரும்போது இரண்டு கிலோ குறைவது இரண்டரை சதவீதம்தான். சமதளத்தில் உங்களைத் தடுப்பது எடையைவிடக் காற்றே. கடற்கரைச் சாலையில் எதிர்காற்று பிடித்துக்கொள்ளும்போது இது புரியும்.

நீண்ட தூரம் போக விலை உயர்ந்த வண்டி வேண்டும் என்பதும் உண்மையல்ல. சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்ற குழுக்கள் நடத்தும் 200 கிலோமீட்டர் 'பிரவே' என்ற நெடுந்தூர ஓட்டத்தை முடிக்க பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட ஆகாது. அளவு பொருந்திய கிளாரிஸ் வண்டிக்கு அது எட்டக்கூடிய தூரம்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டாமல் வைத்து, விற்கிறவர்கள் நிறைய. புது விலையில் பாதிக்குக் கீழே பேசுங்கள். கூட ஒரு இரும்பு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள்.

செயினில் ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பின் பல்சக்கரமும் போயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். டிஸ்க் வண்டியானால் ஃபிரேமுக்கும் ரிம்முக்கும் நடுவே பாருங்கள். இடைவெளி அகன்று குறுகினால் ரிம்மில் கோட்டம். கொஞ்சம் என்றால் எடுத்துவிடலாம், நிறைய என்றால் சக்கரமே மாற்ற வேண்டிவரும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பார் கழுத்தில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரியக்கூடாது. கடைசியாக வண்டியைக் கவிழ்த்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் சாய்ந்து இறங்கும் தண்டின் அடிப்பக்கத்தைக் கழுத்தருகே தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியோ மடிந்தோ இருந்தால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். பழைய கார்பன் வண்டி முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம். அதன் விரிசல் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

கிராங்க் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லை என்றால் அது யார் வண்டி என்று உங்களுக்குத் தெரியாது.

வண்டி வீட்டுக்கு வந்தபின்

இணையத்தில் வாங்கினால் பெட்டியில் முக்கால்வாசி பூட்டிய வண்டி வரும். மிச்சத்தை நீங்களே பூட்டுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம். முன் ஃபோர்க் பின்னோக்கித் திரும்பியிருக்கக் கூடாது. ரிம் பிரேக் என்றால் அது ஃபோர்க்குக்கு முன்புறம் இருக்க வேண்டும். இடது பெடலின் மறை தலைகீழானது. அதை வலம்சுழியாக முறுக்கினால் கிராங்கின் மறை தேய்ந்து போகும். சந்தேகமாக இருந்தால் சில நூறு ரூபாய் கொடுத்து ரோடு பைக் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், மணலை இழுத்துக்கொள்ளும். சைக்கிளுக்கென்று விற்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் ஓட்டினால் வீடு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடையுங்கள்.

முதல் சில வாரம் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கலாம். அரை சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள். உள்ளங்கை மரத்துப்போனால் உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது என்று பொருள்.

மாடல் பெயர் சொல்லாமல் விடப்போவதில்லை. உங்கள் அளவில் கிடைத்தால் டெக்கத்லானின் டிரைபன் வரிசையை முதலில் ஓட்டிப் பாருங்கள். வாங்குகிற இடத்திலேயே சர்வீஸும் உண்டு. உங்கள் அளவில் இல்லையென்றால் அடுத்த பிராண்டுக்குப் போங்கள். அளவு பொருந்திய சாதாரண வண்டியா, பொருந்தாத உயர்ந்த வண்டியா என்ற கேள்வி வந்தால், முதலாவதை வாங்கிக்கொண்டு மிச்சக் காசில் நல்ல டயர் போடுங்கள்.