பெரிய லென்ஸுக்கு ஹெட் தேடுபவர்களுக்கு

பறவைப் படம் எடுக்க லட்சக்கணக்கில் கொடுத்து 600 மி.மீ. லென்ஸ் வாங்கும் தம்பி தங்கைகள், அதைத் தாங்கும் டிரைபாட் ஹெட் என்று வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அவர்களுக்காக இது: கனமான கருவியை இறுக்கிப் பிடித்து அடக்க முடியாது, சமன் செய்துதான் நிறுத்த முடியும். ஹெட்டை அந்தக் கணக்கில் தேர்ந்தெடுங்கள்.

1. முதலில் எடை போடுங்கள். நிக்கானின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ், பழைய எஃப்-மவுண்டில் கடைசியாக வந்தது, 3.8 கிலோ. இசட்9 கேமரா பாட்டரியோடு 1.3 கிலோ. இரண்டையும் இணைக்கும் அடாப்டரும் பிளேட்டும் சேர்ந்தால் 5 கிலோவைத் தாண்டிவிடும்.

2. பெட்டியில் போட்டிருக்கும் தாங்குதிறனை அப்படியே நம்பாதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. நீண்ட லென்ஸ் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்போது எடையோடு திருகுவிசையும் சேர்கிறது. உங்கள் கருவியின் எடையைப்போல் இரு மடங்காவது தாங்கும் ஹெட்டைப் பாருங்கள்.

3. பால் ஹெட் நிலக்காட்சிக்கு நல்லது. பெரிய லென்ஸுக்கு ஆபத்து. அதில் எடையின் மையம் உருண்டைக்கு மேலே இருக்கிறது. நாபைத் தளர்த்தியதும் லென்ஸ் ஒரு பக்கமாகச் சரியும். கவனம் பிசகினால் டிரைபாடே கவிழும்.

4. பறக்கும் பறவைக்குக் கிம்பல் ஹெட்தான். லென்ஸின் எடை மையத்தை அது சுழலும் அச்சுக்கே கொண்டுவருகிறது. சரியாக அமைத்துவிட்டால் 5 கிலோவை ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் சமன் செய்யாத கிம்பலால் பயனில்லை.

5. சமன் செய்ய இரண்டே படிகள். கேமரா, ஹூட், டெலிகன்வர்ட்டர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். மேல்-கீழ் நாபைத் தளர்த்தி, லென்ஸ் கிடைமட்டமாக நிற்கும்வரை பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு லென்ஸை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். விட்ட இடத்தில் நிற்கும்வரை, லென்ஸை மாட்டிய கிம்பல் தாங்கியின் உயரத்தை மாற்றுங்கள். நிக்கான் 200-500 போல ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸில் சமநிலை மாறும். அதிகம் பயன்படுத்தும் தூரத்தில் வைத்துச் சமன் செய்யுங்கள். சோனி 200-600 நீளுவதில்லை, அந்தத் தொல்லை குறைவு.

6. வீடியோ முக்கியம் என்றால் ஃபுளூயிட் ஹெட் வாங்குங்கள். உள்ளே இருக்கும் பிசுபிசுப்பான திரவம் அசைவை ஒரே சீராக்கும். எடைக்கு ஏற்ப ஸ்பிரிங் விசையை மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

7. பெரிய லென்ஸைக் கேமராவின் அடியில் மாட்டாதீர்கள். லென்ஸ் காலரில்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் மவுண்ட் மேல் விழும். ஆர்கா சுவிஸ் வகைப் பிளேட்டே போதும், பெரும்பாலான ஹெட்டுகளுக்குப் பொருந்தும். பிளேட்டின் இரு முனைகளிலும் உள்ள தடுப்புத் திருகுகளைக் கழற்றிவிடாதீர்கள். கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் நழுவாமல் காப்பவை அவை.

8. ஹெட்டுக்குக் கீழே இருப்பதையும் கவனியுங்கள். டிரைபாடில் 3/8 அங்குலத் திருகு இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். அடித்தளம் மட்டமாக இல்லாவிட்டால் ஹெட்டைத் திருப்பத் திருப்பத் தொடுவானம் சாயும்.

9. கோடியக்கரையில் பூநாரைகளைப் படம் எடுத்துவிட்டு வந்தால், அன்று இரவே ஈரத்துணியால் உப்பையும் மணலையும் துடைத்துக் காயவையுங்கள். முதுமலையில் வனத்துறை வண்டிக்குள் டிரைபாடை விரிக்க இடமிருக்காது. அங்கே பீன் பேக் போதும்.

10. வாங்கும் முன் உங்கள் லென்ஸோடு கடைக்குப் போங்கள், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கருவியை மாட்டிச் சமன் செய்து, நாப்களைத் தளர்த்துங்கள். லென்ஸுக்கடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல விலக்குங்கள். லென்ஸ் அசையாமல் நின்று, தொட்டால் தடங்கலின்றித் திரும்பினால், அந்த ஹெட்டை வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் தயங்காதீர்கள். கேமராவை நான்கைந்து முறை மாற்றிய பின்னும் அதே ஹெட் உழைக்கும்.