பேனாவை வாங்கிவிடாதே

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று ராத்திரி உன் அப்பா போன் பண்ணி விஷயத்தைச் சொன்னான். சென்னையில் ஒரு நிறுவனம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறதாம், பத்து நாளில் பதில் சொல்ல வேண்டுமாம், சம்பளம் அவன் வாங்குகிற பென்ஷனைவிட அதிகமாம். குரலில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பயம்தான் எனக்குத் தொற்றிக்கொண்டது. போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவு உன்னுடையது. நம் வீட்டில் பெண்களுக்காக மற்றவர்கள் முடிவெடுத்து என்ன ஆயிற்று என்பதற்கு உன் பெரிய அத்தை ஒருத்தி போதும். உனக்குக் கல்விக்கடன் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. போவதென்றால் தாராளமாகப் போ. போய் அங்கே செய்யப்போவது என்ன என்று தெரிந்துகொண்டு போ, அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத உதவும் வேலை என்று உன் அப்பா சொன்னான். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு ஒரே பொது விண்ணப்பம் இருக்கிறது. அதில் தன்னைப் பற்றி 650 சொல்லுக்கு மேல் போகாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். மதிப்பெண் சொல்லாததை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும் என்பதற்காகத்தான் அதைக் கேட்கிறார்கள். அதை எழுதிக்கொடுக்க ஆள் வைக்க முடிகிற வீட்டுப் பிள்ளைகள்தான் உன் மாணவர்கள். "அங்கேயும் எழுதத்தானே அத்தை சொல்லித்தரப்போறேன்" என்று நீ கேட்பாய். சொல்லித்தருவாயா, எழுதிக்கொடுப்பாயா? முதல் வாரம் சொல்லித்தருவாய். கெடு நெருங்கும்போது அந்தப் பிள்ளையின் பெற்றோர் கொடுத்த பணத்துக்குக் கட்டுரையைத்தான் கேட்பார்கள். அப்போது பேனா உன் கைக்கு வந்துவிடும்.

பேனா கை மாறுகிற விஷயத்தில் எனக்கு இருக்கும் கோபம் உனக்குத் தெரியும். உன் சித்தப்பா கதையைத் திரும்பச் சொல்லப்போகிறேன் என்று இந்நேரம் சிரித்திருப்பாய். சிரி, பரவாயில்லை. ஆனால் அவன் மில்லுக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை நீ பார்த்ததில்லை. நான் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

பிளஸ் டூவில் தமிழில் 200-க்கு 168 வாங்கியவன் அவன். பொதுக்கட்டுரைகள் எட்டையும் முன்னுரையிலிருந்து முடிவுரை வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். மில்லில் வேலை கிடைத்து நான்காவது வருஷம் மெமோ வந்தது. சொல்லாமல் லீவு எடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அம்மாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இரவும் பகலும் வராந்தாவில் கிடந்தவன் அவன்தான். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனான். இத்தனையையும் எழுதினால் ஒரு பக்கம் வரும். எழுத வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரிடம் போனான். அவர் வழக்கமாக அடித்துத் தருகிற கடிதத்தையே அடித்துத் தந்தார். அதில் இருப்பது ஆறு வரி. தவறு செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், இனி இதுபோல் நடக்காது. அம்மாவும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, சூப்பர்வைசரிடம் சொன்னதும் இல்லை. கீழே இவன் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். குற்றத்தை இவனே ஒப்புக்கொண்டதாக வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். நான் அப்போது அறந்தாங்கிப் பக்கம் வேலையில் இருந்தேன். எனக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

168 மதிப்பெண், பாப்பா. அதற்கு மேல் என்ன சொல்ல?

அந்த ஆத்திரத்தோடுதான் 1991-ல் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துக்கு வந்தபோது போய்ச் சேர்ந்தேன். கல்குவாரிப் பெண்கள் ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் வந்து உட்காருவார்கள். பகலில் சைக்கிள் பழகினார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பதும் சைக்கிள் பழக்குவது மாதிரித்தான். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடலாம், மூச்சு வாங்கலாம், விழுந்தால் தூக்கிவிடலாம். அவர்களை இறக்கிவிட்டு நாம் ஏறி மிதிக்கக்கூடாது. கையெழுத்துப் போடக் கற்றார்கள், பஸ் பலகை படித்தார்கள். அதற்குப் பிறகு இயக்கத்தின் வேகம் குறைந்துவிட்டது. தன் குறையைத் தானே ஒரு பக்கம் எழுதுகிற இடம் வரைக்கும் பலர் வந்து சேரவில்லை. இன்றைக்கும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பார். மனு எழுதிக்கொடுப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதில் பத்தாவது படித்தவர்களும் நிற்பார்கள். சொல்வது இவர்களுடைய கஷ்டம், எழுதுவது அவருடைய வாக்கியம். சென்னைப் பிள்ளைக்கும் எழுத ஆள், இவர்களுக்கும் எழுத ஆள். அந்தப் பிள்ளைக்கு அதனால் சீட்டு கிடைக்கும். இவர்களுக்கு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு சீட்டு கிடைக்கும்.

இது பள்ளிக்கூடத்தில் சரியாக வேண்டியதுதானே என்பாய். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான், கணக்கைக் கேள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு கட்டுரையைப் படித்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேச ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் 200 நிமிஷம். பீரியடோ முக்கால் மணி நேரம். அதனால் எந்த வாத்தியாரும் கட்டுரையைப் படிப்பதில்லை. சிவப்பு மையில் ஒரு டிக், கீழே தேதி. ரிசல்ட் வேண்டும் என்பதால் கட்டுரையையும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று ஒரு கேள்வி வருமே, எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரே பதிலைப் பிள்ளைகள் உருப்போட்டுக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்க்கவே வேண்டாம். கணக்கு, அறிவியலுக்கு ஊருக்கு ஊர் டியூஷன் இருக்கிறது. எழுத்துக்கு டியூஷன் என்று யாராவது போர்டு மாட்டிப் பார்த்திருக்கிறாயா? அந்த ஐந்து நிமிஷம் வசதியான வீட்டில் அம்மா அப்பாவிடம் கிடைக்கிறது, இல்லாத வீட்டில் கிடைப்பதே இல்லை.

அந்தக் குறை அப்போதைக்குத் தெரியாது, பின்னால்தான் தெரியும். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணுக்கு ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. ஆனால் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாள் மட்டும் 250 மதிப்பெண். தமிழிலேயே எழுதலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 முதன்மைத் தேர்வும் விரிவாக எழுதுகிற தேர்வுதான். பன்னிரண்டு வருஷம் வாயே திறக்கவிடாமல் வளர்த்த பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறோம். அவனை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை.

நீ கேட்கிறாய். அதைத்தான் சொல்ல வந்தேன். 2021 கடைசியில் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய்க்குத் தன்னார்வலராகச் சேர்ந்தாய். உன் அப்பா அன்றைக்குப் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் திட்டம் அப்போது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. நீயோ ஒன்பது, பத்துப் பிள்ளைகள் வந்து நின்றபோதும் போகச் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ வகுப்பு எடுக்கும் சமுதாயக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஏழாம் வகுப்புப் பெண் நோட்டை நீட்டினாள். "ஆட்ட வித்துட்டாக. நான் அளுதேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். என்னைப் போன்ற தமிழம்மா என்றால் முதலில் "அளுதேன்" மேல்தான் பேனா பாய்ந்திருக்கும். நீ எதையும் அடிக்கவில்லை. "எந்த ஆடு?" என்று கேட்டாய். அவள் திரும்பப் போய் உட்கார்ந்து எழுதினாள். நெற்றியில் வெள்ளை இருக்கும், நான் கூப்பிட்டா மட்டும் வரும், தரகர் கூப்பிட்டப்ப வரல என்று. மூன்று வரி. எட்டுப் பொதுக்கட்டுரையை ஒப்பித்த உன் சித்தப்பாவால் எழுத முடியாத மூன்று வரி அது.

அதை எழுதியபின் "அளுதேன்" என்பதை அவளே திருத்தினாள், கவனித்தாயா? நீ வாசித்துக் காட்டச் சொன்னபோது நின்றுவிட்டாள். இப்படியே செய். ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும். இன்றைக்கு ழகரம் என்றால் ஒற்றுப்பிழையை நாளைக்கு வை. பேச்சு நடையில் எழுதினால் விடு, எழுத்து நடை பிறகு வரும். வீட்டில் தினசரி வாங்குகிறவர்களின் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் காதில் விழுந்திருக்கும். இவளுக்குப் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் அது பழக்கம்.

பார்பியானாவைப் பற்றி உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! இத்தாலியில் புளோரன்ஸ் பக்கத்து மலைக் கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய சின்னப் பள்ளிக்கூடம். பள்ளிகள் ஃபெயிலாக்கி வெளியே தள்ளிய குடியானவப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக 1967-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளை எப்படித் தேறுகிறான், குடியானவன் பிள்ளை எப்படித் தோற்கிறான் என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார்கள். எழுதிய முறையையும் அதிலேயே சொன்னார்கள். தோன்றியதைத் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதுவது, எல்லாத் துண்டையும் மேசையில் பரப்பி ஒத்தவற்றை அடுக்குவது, ஒவ்வொரு அடுக்கையும் ஓர் அத்தியாயமாக்குவது, பிறகு தேவையில்லாத சொல்லை எல்லாம் வெட்டுவது. காகிதமும் கத்தரிக்கோலும் போதும். உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார். ஏழு மணி பஸ் ஏன் வருவதில்லை என்று ஆளுக்குப் பத்துத் துண்டு எழுதட்டும். மனுவாக்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வெள்ளைத்தாளும் 10 ரூபாயும் போதும். கீழே அவர்களே கையெழுத்துப் போடட்டும்.

பணக்கார வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதான், நான் மறுக்கவில்லை. அவனுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நீ போகாவிட்டால் அந்த நாற்காலியில் அடுத்த வாரமே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். சமுதாயக்கூடத்தில் யார் உட்காருவார்கள், சொல்.

கடனுக்கு வழியில்லாமலும் நான் பேசவில்லை. உன் எம்.ஏ.-வோடு பி.எட். இரண்டு வருஷம். பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதலாம். சமுதாயக்கூடத்தில் சாயங்காலம் உன் வகுப்பும் நடக்கும். அந்த இரண்டு வருஷத்துக் கடன் தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பென்ஷனை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன பண்ணப்போகிறேன்? உன் அப்பாவிடம் சொல்லாதே, ரோஷப்படுவான்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். தலையிட மாட்டேன் என்று ஆரம்பித்துவிட்டு என்னவெல்லாமோ பேசியிருக்கிறேன். அடித்து எழுத மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன். நீ எங்கே போனாலும் எனக்கு நீதான் உசத்தி. சென்னைக்குத்தான் என்றால் நானே கூட வந்து அறை பார்த்துத் தருவேன். புது மிக்சி வாங்கித் தருவேன். ஹாஸ்டல் சாப்பாடு மட்டும் வேண்டாம், உனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. முறுக்கும் பருப்புப் பொடியும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். இளைத்துப் போயிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ராத்திரி நேரத்தோடு சாப்பிடு. கண் டாக்டரிடம் போனாயா?

நன்றாக யோசித்து எழுது. போவதென்று முடிவானால் ஒன்று மட்டும் தெரியப்படுத்து. அந்த நோட்டுகளை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறாய்?

அன்புடன்,
உன் அத்தை