சலிவனைப் படிக்க வரும் இளையோருக்கு

கட்டடக் கலை படித்த உங்களில் பெரும்பாலோர் லூயிஸ் சலிவன் என்ற பெயரை ஒரே ஒரு வாக்கியத்தோடு சேர்த்துத்தான் கேட்டிருப்பீர்கள். 'வடிவம் பயனைப் பின்தொடர்கிறது' என்ற அந்த வாக்கியத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். வானளாவிய கட்டடத்துக்கு முகம் கொடுத்த மனிதர் அவர். அவர் கட்டியதைப் பார்க்காமல், சொன்னதை மட்டும் சுமந்துகொண்டு வேலைக்கு வருகிறீர்களே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

1. அந்த வாக்கியம் வரும் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். 1896இல் வெளிவந்தது, உயரமான அலுவலகக் கட்டடத்தைப் பற்றியது. அழகைப் பேசுவதற்கு முன் அவர் தேவைகளை வரிசையாக அடுக்குகிறார். தரைக்கடியில் கொதிகலன்களும் இயந்திரங்களும். தரைத்தளத்தில் கடைகள், வங்கிகள். அவற்றுக்குப் பெரிய இடமும் நல்ல வெளிச்சமும் தாராளமான வாசலும் வேண்டும். அடுத்த தளம் படியேறிப் போகும் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றைப்போல் ஒன்றாக அலுவலக அடுக்குகள். உச்சியில் தண்ணீர்த் தொட்டி, குழாய்கள், இயந்திரங்கள். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் இந்தக் கட்டடத்தின் இயல்பு உயரம் என்கிறார். உங்கள் முதல் ஸ்கெட்ச்சுக்கு முன்பும் இப்படி ஒரு பட்டியல் எழுதப் பழகுங்கள்.

2. செயின்ட் லூயிஸ் நகரில் 1891இல் எழுந்த வெயின்ரைட் கட்டடத்தின் எலிவேஷனை உங்கள் கையால் ஒருமுறை வரையுங்கள். பத்து மாடிதான். ஆனால் அதுவரை உயரக் கட்டடங்களை வரைந்தவர்கள் இரண்டு மாடி, மூன்று மாடியாகப் பிரித்துச் சிறு கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியதுபோல் முகப்பு அமைத்தார்கள். சலிவன் இளவயதில் வேலை பார்த்த அலுவலகத்தின் தலைவர் வில்லியம் லெ பாரன் ஜென்னி. அவர் சிகாகோவில் 1885இல் முடித்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், பாரத்தை உலோகச் சட்டகம் தாங்கும் என்று காட்டிவிட்டது. அதன் முகப்பு மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. வெயின்ரைட்டில் சலிவன் செங்கல் தூண்களைக் கீழிரண்டு தளங்களுக்கு மேலிருந்து உச்சிவரை அறுபடாமல் ஏற்றினார். ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுடுமண் பலகைகளைச் சற்று உள்ளே தள்ளினார். கண் தானாக மேலே ஏறுகிறது.

வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் உள்ளே எஃகு இருக்கிறது. மற்றவை வெறும் செங்கல், அகலமோ ஒன்றேதான். மூலைத் தூண்களை வேண்டுமென்றே இன்னும் அகலமாக்கியிருக்கிறார். கட்டமைப்பில் உள்ளதை உள்ளபடி காட்டவில்லை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருக்கும் சிறு அறைகளுக்குத் தனித்தனி ஜன்னல் வேண்டும்; அந்த அறைகளின் தாளத்தைத்தான் முகப்பு சொல்கிறது. பயன் என்பதை அவர் எஃகோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

3. ஒரே ஆளின் இரண்டு கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பஃபலோவின் கேரண்டி கட்டடம் (1896) செங்குத்தாக எழுகிறது. சில ஆண்டுகளில் அவர் சிகாகோ ஸ்டேட் தெருவில் ஷ்லெசிங்கர் அண்ட் மேயர் கடைக்கு வரைந்தது கிடையாக ஓடுகிறது. பின்னாளில் கார்சன் பிரீ ஸ்காட் என்று அறியப்பட்ட அந்தக் கடையில் பகல் வெளிச்சம் தளத்தின் உள்வரை எட்ட வேண்டியிருந்தது. அதனால் அகன்ற ஜன்னல்கள், மேலே அலங்காரம் குறைந்த வெண்சுடுமண். நடந்து போகிறவரின் கண்ணுக்கு நேராகக் கீழிரண்டு தளங்களில் மட்டும் வார்ப்பிரும்புக் கொடிகள் படர்கின்றன. கையில் இருக்கும் ஒரு பாணியை எல்லா வேலைக்கும் மாட்டிவிடும் ஆசை உங்களுக்கு வரும்போது இந்த இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.

4. இன்ஜினியரை மதியுங்கள். கூட்டாளியும் இன்ஜினியருமான டாங்க்மர் ஆட்லர் இல்லாமல் சலிவன் இல்லை. 1889இல் திறந்த ஆடிட்டோரியம் கட்டடத்தில் பெரிய அரங்கு, ஓட்டல், அலுவலகங்கள், கோபுரம் எல்லாம் சிகாகோவின் களிமண்மேல் நிற்க வேண்டியிருந்தது. கோபுரம் பிறகு எழுந்து பக்கத்துச் சுவர்களைவிட அதிகமாக இறங்கிவிடக் கூடாது என்று, அதன் அஸ்திவாரத்தின்மேல் இரும்பையும் செங்கல்லையும் முன்கூட்டியே ஏற்றிவைத்தார் ஆட்லர். அரங்கின் ஒலியமைப்பும் அவருடையதே. 1895இல் ஆட்லர் பிரிந்து ஒரு லிஃப்ட் நிறுவனத்துக்குப் போனார். சில மாதங்களில் திரும்பி வந்தபோது சலிவன் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு பெரிய வேலைகள் அருகிப்போயின. நாட்டின் பொருளாதாரச் சரிவும் காரணம்தான். ஆனாலும் அந்த ரோஷத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

5. உடன் உழைத்தவர்களின் பெயர்களை எழுதிவையுங்கள். சலிவனின் இலைக்கொடி வடிவங்களைக் களிமண்ணில் உருவாக்கியவர் கிறிஸ்டியன் ஷ்னைடர். பல அலங்காரங்களை வரைந்தவர் ஜார்ஜ் எல்ம்ஸ்லி.

6. சின்ன வேலை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். சலிவனின் கடைசிக் காலத்தில் கிடைத்தவை சிற்றூர் வங்கிகள். மினசோட்டாவின் ஓவடோனாவில் 1908இல் முடிந்த விவசாயிகள் வங்கியைப் பாருங்கள். பெரிய வளைவு, வண்ணக் கண்ணாடி, பச்சைச் சுடுமண் என்று ஊர்மக்கள் தினமும் பணம் போட வரும் கூடத்துக்கு அவ்வளவு அக்கறை. 1924இல் சிகாகோவில் ஓர் ஓட்டல் அறையில் சலிவன் வறுமையில் இறந்தார். அதற்குச் சற்று முன்புவரை அலங்கார முறை பற்றிய இருபது படங்களை வரைந்துகொண்டிருந்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1944இல்.

7. இடிக்கப்போகும் நல்ல கட்டடம் எதுவானாலும் அளந்து வையுங்கள், படம் எடுத்து வையுங்கள். ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் சலிவனின் கட்டடங்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்தார். இடிப்பதை எதிர்த்துத் தெருவில் நின்றார். காப்பாற்ற முடியாதபோது அலங்காரத் துண்டுகளையாவது பெயர்த்தெடுத்தார். 1972 ஏப்ரலில், அவற்றில் ஒன்றான, இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த சிகாகோ பங்குச்சந்தைக் கட்டடத்துக்குள் தளம் சரிந்து இறந்தார். உடல் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. அந்தக் கட்டடத்தின் வணிகக் கூடம் சிகாகோ கலைக்கழகத்துக்குள் மீண்டும் அமைக்கப்பட்டது. வாசல் வளைவு வெளியே நிற்கிறது. உயிரைப் பணயம் வைக்க உங்களை நான் கேட்கவில்லை. டேப், நோட்டு, கேமரா மூன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும். இடிக்கும் ஆட்கள் வருவதற்கு முன்பே, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.