அசோகப்பட்டையும் நெட்டிலிங்கமும்

மாதவிலக்கில் உதிரம் அளவுக்கு மிஞ்சிப் போவதை வைத்தியர்கள் பெரும்பாடு என்பர். இதற்கு அசோகப்பட்டையைப் பாலும் நீரும் கூட்டிக் காய்ச்சி, நீர் வற்றியபின் கொடுப்பது பழைய முறை. அசோகாரிஷ்டமும் அப்பட்டையினின்றே செய்யப்படுகிறது. இதற்கு நெடுநாளைய அனுபவம் உண்டு. நோயாளிகளிடத்துச் செய்த விரிவான பரிசோதனைகள் குறைவு. மருந்தின் குணத்தை விசாரிக்குமுன் மரம் இன்னதென்று அறிவது அவசியம்.

பள்ளிக்கூடங்களிலும் பாதையோரங்களிலும் கம்பம்போல் ஓங்கி நிற்கும் மரத்தை அநேகர் அசோகமரம் என்கின்றனர். அது நெட்டிலிங்கம், சீதாப்பழத்தின் குடும்பத்தது. அதன் இலை நீண்டு, ஓரம் அலைபோல் நெளிந்திருக்கும். பூ பச்சை நிறம். மெய்யான அசோகமோ புளிய மரத்துக்கு உறவு. ஒரு காம்பின் இருபுறமும் இணையிணையாய் இலைகள் அமையும். தளிர் செம்பு நிறமாய்த் துவண்டு தொங்கும். பூங்கொத்து மஞ்சளாய் மலர்ந்து பின் சிவக்கும். காய் தட்டையான நெற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வளரும் அம்மரம், சிவகங்கைச் சீமையின் வானம் பார்த்த பூமியில் தானே முளைப்பதன்று. பட்டைக்காக உரிக்கப்பட்டு அது அருகி வருகிறது. அதன் பெயரால் நெட்டிலிங்கப் பட்டை விற்கப்படுவது பல இடங்களில் கண்டறியப்பட்ட கலப்படமாகும். இடித்த தூளில் கண்ணால் பேதம் காண இயலாது. ஆதலின், சரக்கு வந்த இடத்தைச் சொல்ல மாட்டாத கடையில் வாங்கற்க. சென்னையில் வைத்தியர்கள் 1944-இல் கூட்டுறவு முறையில் நிறுவிய இம்ப்காப்ஸ் போன்ற நிலையங்களிலிருந்து சங்கத்தின் வாயிலாகத் தருவிப்பது மேல்.

பட்டை மெய்யானதேயாயினும் எல்லா உதிரப்போக்குக்கும் அது மருந்தாகாது. கருப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு, கருச்சிதைவு ஆகியவற்றாலும் உதிரம் பெருகும். ஒரு வருஷம் தீட்டு நின்ற மாதுக்கு மீண்டும் ஒரு துளி தென்பட்டாலும் அது புற்றுநோயின் அடையாளமாயிருத்தல் கூடும். கஷாயம் வைத்துக் காத்திருக்கும் மாதங்களில் நோய் முற்றிவிடும். இத்தகையோரும், கர்ப்பமாயிருக்கையில் உதிரம் கண்டோரும், மணிக்கொரு துணி நனைவோரும் அன்றே ஆஸ்பத்திரி செல்லல் வேண்டும். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கூச்சத்தினால் மாதர் மறைப்பர். வீட்டார் வினவுதல் கடன்.

செட்டிநாட்டில் பூப்பெய்திய பெண்ணுக்குக் கொடுக்கும் உளுத்தங்களி நல்ல ஆகாரமே; அதைத் தடுப்பார் யார்? எனினும் இழந்த உதிரத்தை அது மட்டும் ஈடு செய்யாது. கர்ப்பமில்லாத மாதின் இரத்தத்தில் நூறு மில்லிக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் இல்லையேல் அது சோகை. முருங்கைக்கீரையுடன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் உட்கொள்க; தேநீரோடு மட்டும் அதை விழுங்கலாகாது.