உன் பெயருக்கு வீடு வரும்போது

அம்மாடி, உன் அப்பா வீட்டை உனக்கு எழுதிவைக்கப் போகிறாராம். பத்திரம் எழுதியே பிழைத்த பெரியப்பா சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. வரிக்குப் பயந்து எதையும் மறைக்காதே. பெற்றவர் பிள்ளைக்குத் தானமாகத் தரும் வீடு எவ்வளவு பெறுமானாலும் உனக்கு வருமான வரி இல்லை; கொடுக்கிறவருக்கும் மூலதன ஆதாய வரி இல்லை. பழைய கொடை வரி 1998 அக்டோபரோடு ஒழிந்தது. இது தெரியாமல் தானத்தைக் கிரயமாக எழுதிவிட்டு, கைக்கு வராத பணத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் தவித்த குடும்பம் ஒன்று உண்டு.

2. பதிவுச் செலவில் கையை இறுக்காதே. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000. இரண்டு சாட்சிகளும் பதிவும் இல்லாத வீட்டுத் தானம் செல்லாது.

3. அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குப்பை என்று நினைக்காதே. நாளை நீ விற்றால், அவர் வாங்கிய விலையே உன் விலை. அவர் வைத்திருந்த ஆண்டுகளும் உன்னுடையவை. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியிருந்தால், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். மூலப்பத்திரம், மாடி கட்டிய ரசீது, வீட்டுவரி ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். தகப்பன் கட்டிய மாடிக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல், அந்தச் செலவையும் லாபமாகக் காட்டி வரி கட்டினான் ஒரு பையன்.

4. எழுதிய நாளிலிருந்து வாடகை உன் வருமானம். அதை அப்பாவுக்கே அனுப்பினாலும் கணக்கில் நீதான் காட்ட வேண்டும்.

5. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெற்றோர் ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்கவும், நீ அவர்களைப் பராமரிக்கவும் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதச் சொல். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி, அது மீறப்பட்டால் தானத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். வாயால் சொன்ன வாக்கை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தத் திண்ணையில் விருந்தாளியாக உட்கார்ந்த தகப்பன்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர் கேட்கக் கூச்சப்படுவார். நீயே கேள், கொடுக்கிற கை நடுங்காமல் பார்த்துக்கொள்வது வாங்குகிறவள் கடமை.

6. பதிவுக்கு முன் உன் தம்பியிடம் நீயே சொல்லிவிடு. வில்லங்கச் சான்றிதழைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ள வேண்டாம்.