பணிக்கரின் கோடு எங்கே பிறந்தது?

கேள்வி: மரக்காணம் உப்பளங்களையும் கழுவேலி ஏரியையும் நீர்வண்ணத்தில் வரைகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம், “இயற்கைக் காட்சி பழைய பாணி, நவீன ஓவியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: உண்மையில்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய நவீன ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரே (1911–1977) இதற்குச் சான்று. கோயம்புத்தூரில் பிறந்தாலும் அவருக்குப் பூர்வீகம் மலபார்க் கரையோர வெளியங்கோடு. முதலில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை அந்தப் பக்கத்துக் கால்வாயும் தோணியும் தென்னந்தோப்புமாக நீர்வண்ணத்தில் வரைந்த காட்சிகள்தாம். நீர்வண்ணத்தில் தாள் ஈரம் காய்வதற்குள் தூரிகை வேலையை முடித்தாக வேண்டும். வெயிலைக் காட்ட வெள்ளை பூசுவதில்லை. தாளின் வெண்மையைத் தொடாமல் விடுகிறார்கள். தப்பாக விழுந்த கோட்டைத் திருத்தப் போனால் அந்த இடமே கலங்கிவிடும். ஆகவே எதை விடுவது என்று கை அந்த நொடியிலேயே முடிவெடுக்கப் பழகுகிறது. பின்னாளில் பணிக்கர் உருவங்களின் உடற்கூற்று நுணுக்கத்தை உதறிவிட்டு, கோட்டிலேயே உணர்ச்சியை ஏற்றினாரே, அந்தத் துணிவு இங்கேதான் முளைத்தது என்பது என் கருத்து.

1954-ல் ஐரோப்பா போய், டச்சு ஓவியர் வான்கோவின் படைப்புகளைப் பார்த்து வந்த பிறகுதானே மாறினார் என்று கேட்கலாம். அந்தப் பயணத்தின் தாக்கத்தை மறுக்க முடியாது. ஆனால் காந்தியை நடுவில் வைத்து, கோட்டையே முதன்மையாக்கி அவர் வரைந்த பெரிய ஓவியம் 1951-லேயே வந்துவிட்டது. ஐரோப்பா ஏற்கெனவே இருந்த தீயை ஊதிவிட்டது, அவ்வளவுதான். வான்கோவின் தொடக்க கால ஓவியங்களிலும் கடற்கரை உண்டு. 1882-ல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கரையில், புயற்காற்றில் நின்று அவர் தீட்டிய கடற்காட்சியின் சாயத்தில் அன்று பறந்து ஒட்டிய மணல் இன்னும் இருக்கிறது. உணர்ச்சி வெளிப்பாட்டை முதன்மையாக்கிய எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர்கள் முன்னோடியாகக் கொண்டாடியது அந்தக் கையைத்தான். 1963-க்குப் பிறகு பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ வரிசையில் தென்னை எங்கே, தோணி எங்கே என்பது இன்னொரு கேள்வி. பொருள்கள் போய்விட்டன, உண்மைதான். ஆனால் கணக்கு நோட்டின் பக்கத்தைப் போல எழுத்தும் எண்ணும் நெருங்கிக் கிடக்கும் அந்தப் படங்களிலும், வேகமாக ஓடும் தூரிகையை, திருத்தாமல் விட்ட கீற்றைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1979-ல் திறந்த பணிக்கர் காட்சிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். அதுவரை கழுவேலியை விடாமல் வரையட்டும்.