எறும்பு ஏறினா ஒரு வார்த்தை, ஆந்தை அலறினா வேற வார்த்தை

ஸ்பானிஷ் படிக்கிற தங்கச்சி, சகுனம், அறிகுறி, முன்னறிவிப்பு எல்லாத்துக்கும் 'பிரெசாஹியோ'ன்னு எழுதிட்டுப் போயிடாதே. சேதியைச் சொன்னது கண்ணா, நம்பிக்கையா, மனசா, கருவியான்னு முதல்ல பாரு.

நம்ம கோவில்பட்டிப் பக்கம் எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறினா மழை வரும்பாங்க. கண்ணால பார்த்துச் சொல்றதுக்கு 'செஞால்' போதும். சந்தேகம் வந்தாலும் இதையே போடு. சின்னத் தடயத்தை வச்சு ஊகிச்சதுன்னு அழுத்திச் சொல்லணும்னா 'இந்தீசியோ'. பருத்தி இலை சிவக்கிறது இதுல சேராது. செடிக்கு ஏற்கெனவே வந்துட்ட கோளாறு அது, 'சீந்தோமா'.

கெவுளி அடிக்கிறது, ஆந்தை அலறுறது எல்லாம் 'அக்வேரோ'. எப்பப் பார்த்தாலும் கெட்டதையே சொல்ற ஆளையும் 'ஆவே தே மால் அக்வேரோ', அதாவது கெட்ட சகுனப் பறவைன்னுதான் சொல்றாங்க. நிறைகுடம் எதிர்ல வந்தா 'புவென் அவ்கூரியோ'ன்னு எழுது. காரணமே தெரியாம மனசு சொல்லுதுன்னா 'கொரசொனாதா'. பிரெசாஹியோவைக் கதையில ஏதோ நடக்கப்போகுதுன்னு கலங்கவைக்கிற இடத்துக்கு வச்சுக்கோ.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை 'கபஞுவேலாஸ்'. மெக்சிகோவுல ஜனவரி முதல் 12 நாளோட வானத்தைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் ஒரு மாசத்தைச் சொல்லுதுன்னு வருஷத்துக் கணக்கையே போடுவாங்க. ஸ்பெயின்ல இதை ஆகஸ்ட்ல பார்ப்பாங்க. நம்ம மானாவாரிச் சம்சாரிங்க மார்கழியில மேகம் ஓடுறதைப் பார்த்து அடுத்த வருஷ மழையைச் சொல்ற கர்ப்போட்டத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் அந்த மொழியில எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனாலும் கர்ப்போட்டத்தைக் கர்ப்போட்டம்னே எழுதி, பக்கத்துல கபஞுவேலாஸ் மாதிரின்னு ஒரு வரி விளக்கம் கொடு. நம்ம ஊர்ப் பேரு தொலையக் கூடாது.

வானிலை மையம் சொல்றது மட்டும் தனி. அது 'புரோநோஸ்திக்கோ', ஆரஞ்சு அலர்ட்டுன்னா 'அலேர்தா நரான்ஹா'. 2023 டிசம்பர்ல நம்ம மாவட்டத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு. அப்படிப்பட்ட மழைக்கான எச்சரிக்கையை மொழிபெயர்க்கிறப்போ அக்வேரோன்னு போட்டா, படிக்கிறவங்க மூடநம்பிக்கைன்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. உயிர் சம்பந்தப்பட்ட இடம், கவனமா இரு.

வர்ற மார்கழியில கர்ப்போட்டம் பத்தி ஸ்பானிஷ்ல ஒரு பத்தி எழுதி அனுப்பு, அக்கா திருத்தித் தர்றேன்.